மாமாவுக்கு ஒரு பர்பன்

கதவைத் திறந்ததும் ஜெகதீஸ்வரி முதலில் பார்த்தது கிளாஸைத்தான்.

"தொடல," என்றாள்.

கூடத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சுப்பையாவின் படத்துக்கு முன்னால் வாழையிலை. இலையில் சோறு, கோழிப் பிரட்டல், கருவாடு, அவித்த முட்டை. பக்கத்தில் கிளாஸ். ஊற்றிய அளவு அப்படியே இருந்தது.

அது எட்டாம் நாள் படையல். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் அவருடைய அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். ஊதுபத்தி எரிந்து முடியும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. அவர் வந்து சாப்பிடுவார். சோற்றில் ஒரு குழி விழுந்திருந்தால் போதும், வந்துவிட்டுப் போனார் என்று அர்த்தம். அந்தக் குடும்பத்தில் இதுவரை வராதவர் யாருமில்லை. சுப்பையாவின் அண்ணன் வந்து முட்டையைப் பாதி கடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

"பாட்டல் யாரு வாங்கினது?" என்றாள் ஜெகதீஸ்வரி. அவள் சுப்பையாவின் தங்கை. பதில் தெரிந்த கேள்விகளை மட்டுமே கேட்பவள்.

"நான்தான்," என்றான் மருமகன் தயாளன்.

"என்னது அது?"

"ரம்."

"எங்கண்ணன் ரம்மா குடிச்சாரு? அவரு குடிச்சது அமெரிக்கச் சரக்கு, பர்பன். பொழுது சாஞ்சா கதவச் சாத்திக்கிட்டு ஒரு கிளாஸ். குடிச்சே போய்ச் சேர்ந்தாரு, அது வேற. ஆனா ஒரு நாள் சத்தம் போட்டிருப்பாரா?"

"எந்த பர்பன்?"

"எனக்கென்ன தெரியும். நான் பக்கத்துல உக்காந்து ஊத்திக் கொடுத்தேனா?"

சுப்பையாவின் பாட்டில்களை அவருடைய மகன் ஹரீஷ் துணிமணியோடு சேர்த்து எறிந்துவிட்டிருந்தான். மாமியார் குணவதியைக் கேட்கலாம் என்றால், கணவர் இறந்த நாளிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை. யார் என்ன கேட்டாலும் சுவரைப் பார்த்தார்.

தயாளன் மனைவியைப் பார்த்தான். பிரமிளா கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் என்ன நினைக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். இறந்த அன்று காலை சுப்பையா அவனுக்குத்தான் போன் செய்தார். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக முடியுமா என்று கேட்டார். அவன் மீட்டிங்கில் இருந்தான். "காத்தா இருக்கும் மாமா, வெந்நீ குடிங்க," என்றான். அவர் வெந்நீர் குடித்தார். பிறகு செத்துப்போனார்.

பிரமிளா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கேட்டாள்.

"அப்பா உங்க மேல கோவமா இருக்காரு. தெரியுதா?"

"கோவத்துல கருவாட்டையும்தான் தொடல."

"வெளையாடாதீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "பதினாறாம் நாள் மறுபடி படைச்சுப் பார்ப்போம். அன்னைக்கும் அப்பா தொடலைன்னா நான் பினாங்குக்கு வரல. அம்மாவோட இங்கயே இருந்துர்றேன்."

அவள் சொன்னால் செய்வாள். தயாளன் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தனியாகப் பாலத்தைக் கடந்து பினாங்கு வீட்டுக்கு வந்தான்.

*

வெல்ட் கீயில் ஒரு கப்பல் ஏஜென்சியில் அவனுக்கு வேலை. அடுத்த மேசையில் காஜா மொய்தீன். தயாளனைவிட மூத்தவர், எதற்கும் அதிர்ச்சி அடையாதவர்.

"கிளாஸ் காலியாகணும். அவ்வளவுதானே," என்றார் காஜா.

"ஆமாண்ணே."

"யாரு குடிச்சாங்கன்னு யாருக்கும் தெரியாதுல்ல?"

"மாமாதான் குடிப்பாரு."

"அவரு குடிக்கல, தம்பி. அதான் பிரச்சினையே. நீ குடி."

தயாளன் குடிப்பவன் இல்லை. கல்யாணத்துக்கு முன் பிரமிளா அவனிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். இல்லை என்றதும் சரி என்றாள். குடிகாரர் வீட்டில் வளர்ந்தவளுக்கு அது போதுமாக இருந்தது.

"அந்த ரூமுக்கு வேற கதவு இருக்கா?" என்றார் காஜா.

"குசினிப் பக்கம் ஒண்ணு இருக்கு. பின் சந்து வழியா வரலாம்."

"அப்புறம் என்ன. போ, குடி, வா."

"சிந்திடலாமே. கீழ ஊத்திட்டா?"

"ஊத்தினா வாடை வரும். சிமிந்துத் தரையில கறை இருக்கும். உன் மாமனாரு என்ன, கை நடுங்கிக் கொட்டிட்டுப் போனாருன்னு சொல்வியா? குடிச்சாத்தான் சுத்தம்லா."

*

குயின் ஸ்ட்ரீட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் ரமணியின் மதுக்கடை. காஜா காடியை எதிரில் நிறுத்திவிட்டு மசாலாக் கடைக்குள் போனார். "யாராச்சும் பார்த்தா நான் சீரகம் வாங்க வந்தேன்," என்றார்.

"யாருக்கு சார்?" என்றார் ரமணி.

"மாமனாருக்கு."

"வயசானவரா?"

"செத்துட்டாரு."

"அப்ப எதுனாலும் கொடுக்கலாம். குறை சொல்ல மாட்டாரு."

"போன தடவை சொல்லிட்டாருண்ணே."

ரமணி அவனை ஒரு முறை நன்றாகப் பார்த்தார்.

"பர்பன் வேணும்," என்றான் தயாளன். "தொண்டையில எரியக் கூடாது. புதுசா குடிக்கிறவன் ஒரே மூச்சுல குடிச்சாக்கூட இருமக் கூடாது. விலையும் ரொம்பப் போகக் கூடாது."

"மாமனாருக்குத்தானே?"

"ஆமா."

"செத்தவரு இருமுவாரா சார்?"

"இருமினா அசிங்கம்ண்ணே. எல்லாரும் கதவுக்கு வெளியத்தான் நிப்பாங்க."

ரமணி மேற்கொண்டு கேட்கவில்லை. கடை வாடகை ஏறிக்கொண்டிருந்தது. குதிரைப் படம் போட்ட பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தார். அந்த வாரம் அதற்கு விலைக் கழிவு இருந்தது.

அன்று மாலை ஆயர் ஈத்தாமில் தன் அடுக்குமாடி வீட்டில் தயாளன் கிளாஸில் ஊற்றி, மூக்கைப் பிடித்து, ஒரே மூச்சில் குடித்தான். நெருப்பு கீழே போனது. பாதி வழியில் திரும்பி வந்தது. அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினான். பிறகு தரையைப் பிடித்துக்கொண்டு இருமினான். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி கதவைத் தட்டிக் கோவிட்டா என்று மலாயில் கேட்டார். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் காலை வாசலில் ஒரு சோதனைப் பெட்டி இருந்தது. கூடவே முகக்கவசம் ஒன்று.

"அது அம்பது சதவீதம் ஆல்கஹால் சார்," என்றார் ரமணி, அதைச் சொல்ல மறந்தது தன் தப்பில்லை என்பதுபோல. "பர்பன்னா முக்கால்வாசி சோளம். இனிப்பு அதுல வருது. மிச்சத்துக்கு ரைன்னு ஒரு தானியம் போடுவாங்க. அதுதான் கடிக்கும். அதுக்குப் பதிலா கோதுமை போட்டது ஒண்ணு இருக்கு. சாது."

சாதுவில் மான் படம் இருந்தது. இருமல் வரவில்லை. விக்கல் வந்தது. இரவு போய்விடும் என்று நினைத்தான். காலையிலும் இருந்தது. ஜப்பானிய வாடிக்கையாளர்களுக்கு முன்னால் அவன் ஒரு கப்பலின் தாமதத்தை விளக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் அவர்கள் தலை வணங்கினார்கள்.

"துக்கத்துல இருக்காரு," என்று காஜா அவர்களிடம் சொன்னார்.

மூன்றாவது முறை ரமணி கொஞ்சம் கடுமையாகவே பேசினார்.

"பாட்டல் மேல குத்தம் இல்ல சார். நீங்க மருந்து மாதிரி விழுங்குறீங்க. ஏன், பஸ்ஸுக்கு நேரமாச்சா?"

"எனக்கு நேரம் கம்மிண்ணே."

"அப்ப வாயைப் பழக்குங்க. நாப்பது சதவீதத்துக்கு மேல போகாதீங்க. முதல் நாள் பாதிக்குப் பாதி தண்ணி. நாக்குல வச்சு, கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் விடுங்க. தினம் தண்ணியக் குறைச்சுக்கிட்டே வாங்க. இது கோதுமை, நாப்பது, நெருப்புல கருக்கின பீப்பாயில நல்லா ஊறினது. விலை நூறு வெள்ளிக்குக் கொஞ்சம் மேல. இதுக்குக் கீழ வழவழப்பு கிடையாது, இதுக்கு மேல உங்களுக்குத் தேவை கிடையாது."

இதில் ரயில் படம். தயாளன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். காஜா இன்னொரு பொட்டலத்தோடு காடியில் காத்திருந்தார்.

"வீட்ல சீரகம் வைக்க இடமில்ல," என்றார். "கடை தொறக்கப் போறீங்களான்னு வீட்டுக்காரி சபூரா கேக்குறா. சீக்கிரம் பழகு, தம்பி."

அவன் பழகினான். முதல் நாள் நாக்கு மரத்தது. அடுத்த நாள், எரிச்சலுக்கு அடியில் வேறு ஏதோ இருப்பது தெரிந்தது. வெல்லப் பாகு, கருகின மரம், பழைய அலமாரியைத் திறந்தால் வரும் வாசனை. அதற்கடுத்த நாள் தண்ணீரை நிறுத்தினான். ஒரு கிளாஸ் ஒரே மூச்சில் இறங்கியது. இருமல் இல்லை. விக்கல் இல்லை. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். சொல்வதற்கு யாரும் இல்லை. பிரமிளாவின் செருப்பு வாசலில் அப்படியே கிடந்தது.

அதன் பிறகுதான் அவன் ஒத்திகை பார்க்கத் தொடங்கினான்.

கதவைச் சாத்தினான். ஊதுபத்தி ஏற்றினான். கைப்பேசியில் சுப்பையாவின் படத்தை எடுத்துச் சீனி டப்பாவின் மேல் சாய்த்து வைத்தான். அதன் முன்னால் கிளாஸை வைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போய், அங்கிருந்து பூனைபோல் நடந்து வந்து, குடித்து, கிளாஸைச் சத்தமில்லாமல் வைத்து, திரும்பிப் போனான். நன்றாக வந்தது. மறுபடி செய்தான். மறுபடியும் நன்றாக வந்தது. எத்தனை முறை செய்தான் என்பது பிறகு அவனுக்கு நினைவில்லை.

நினைவிருப்பது ஹரீஷின் முகம். அக்காவுக்கு மாற்றுத்துணி எடுக்க வந்தவன், தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்து நின்றான்.

தயாளன் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டை இல்லை. மேசையில் குதிரை, மான், ரயில். ஊதுபத்திப் புகை. புகைக்கு நடுவில் சுப்பையா.

"மச்சான்," என்றான் ஹரீஷ். "எங்கப்பா படத்த வச்சுக்கிட்டா குடிக்கிறீங்க?"

"இது அவருக்குத்தான், ஹரீஷ்."

அவனிடம் அப்போது இருந்த ஒரே உண்மை அதுதான்.

போன் அன்றே வந்தது.

"எங்கப்பன் செத்து ரெண்டு வாரம் ஆகல," என்றாள் பிரமிளா. "அவரு விட்டுட்டுப் போன எடத்துல நீங்க உக்காந்துட்டீங்க."

"நான் சொல்றதக் கேளு."

"குழறாமச் சொல்லுங்க, கேக்குறேன்."

அவன் முயன்றான். முடியவில்லை.

"பதினாறுக்கு வாங்க," என்றாள். "பாட்டலக் கொடுத்துட்டு ஓரமா நில்லுங்க. படையல ஹரீஷ் வைப்பான். அப்பா தொட்டா வர்றேன்னு சொன்னேன், அந்தப் பேச்சு பேச்சுதான். ஆனா இப்ப அவரு தொடுவாருன்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

*

பதினாறாம் நாள் காலை தயாளன் ஒரு சொட்டும் தொடவில்லை. காஜா ஓட்டினார். செபராங் ஜெயாவைத் தாண்டும்போது டாஷ்போர்டைக் காட்டினார்.

"ஏலக்காய் வச்சிருக்கேன். குடிச்சதும் மெல்லு. சீரகமும் இருக்கு. எவ்வளவு வேணும்னாலும்."

"அண்ணே, மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா நீ குடிகாரன், திருடன். இப்ப நீ குடிகாரன் மட்டும்தானே. பெரிய வித்தியாசம் இல்ல."

அவர் காடியைப் பின் சந்தில் நிறுத்திக்கொண்டார்.

வீடு நிறைய ஆட்கள். எட்டாம் நாள் வராதவர்கள்கூட, எட்டாம் நாள் நடந்ததைக் கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். தயாளன் புது பாட்டிலை நீட்டினான். ஜெகதீஸ்வரி அதைத் துண்டால் பிடித்து வாங்கினாள்.

ஹரீஷ் கிளாஸில் ஊற்றப் போனான். ஜெகதீஸ்வரி தடுத்தாள்.

"சும்மா இருடா. போன தடவ இந்தச் சின்ன கிளாஸ்ல வச்சதும் ஒரு குறைதான். அண்ணன் மைலோ குடிக்கிற மக்கு எங்க? அத எடு."

மக் வந்தது. பச்சை நிறம். ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம். ஹரீஷ் ஊற்றினான். பாட்டில் பாதிக்கு மேல் இறங்கியது.

"இன்னும்," என்றாள் ஜெகதீஸ்வரி. "கஞ்சத்தனம் பண்ணாத. தளும்ப ஊத்து."

தயாளன் கிளாஸுக்குப் பழகியவன்.

ஊதுபத்தி ஏற்றினார்கள். கதவைச் சாத்தினார்கள். "குணவதி அண்ணி எங்க?" என்று யாரோ கேட்டார்கள். "தலைக்குக் குளிக்கப் போயிருக்காங்க. குளிச்சிட்டுத்தானே கும்பிட வரணும்," என்றாள் ஜெகதீஸ்வரி.

தயாளன் கைப்பேசியைக் காதில் வைத்து, "ஹலோ, சரியாக் கேக்கல," என்றபடி வாசலுக்கு வந்தான். ஹரீஷின் கண்கள் பின்னாலேயே வந்தன. அவன் தெருமுனைவரை நடந்து, திரும்பி, பின் சந்தில் ஓடினான். காஜா கண்ணாடியை இறக்கி, சீக்கிரம் என்று கையைக் காட்டினார்.

குசினியில் ஆள் இல்லை. குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நல்லதாகப் போயிற்று, இருமினாலும் கேட்காது. அவன் அறைக் கதவைத் தள்ளினான்.

விளக்கு எரிந்தது. ஊதுபத்தியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சுப்பையா படத்துக்குள்ளிருந்து அவனை நேராகப் பார்த்தார். போனில் கேட்ட அதே பொறுமை அந்த முகத்தில் இருந்தது. தயாளன் இரண்டு கைகளாலும் மக்கைத் தூக்கினான்.

அது கனக்கவில்லை.

விளக்கின் பக்கம் சாய்த்துப் பார்த்தான். அடியில் ஒரு சொட்டும் இல்லை.

சோறு அப்படியே இருந்தது. கோழி அப்படியே இருந்தது. மக் மட்டும் காலி. அவன் படத்துக்கு முன்னால் முட்டி போட்டான்.

"மாமா," என்றான். "வெந்நீ குடிக்கச் சொன்னது தப்புதான். நான் வந்திருக்கணும்."

கூடத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அவன் மக்கை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, வந்த வழியே ஓடினான். காடியைத் தாண்டும்போது காஜா ஏலக்காயை நீட்டினார். "வேணாம்ண்ணே," என்றான். "அவரு வந்துட்டாரு."

காஜா முதல் முறையாக அதிர்ச்சி அடைந்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அவன் வாசலுக்கு வந்தபோது உள்ளே அழுகுரல் எழுந்திருந்தது. ஜெகதீஸ்வரி மக்கைத் தலைகீழாகப் பிடித்து எல்லோருக்கும் காட்டினாள். பிரமிளா சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் முகம் முழுக்க ஈரம்.

ஹரீஷ் மட்டும் அழவில்லை. நேராக வாசலுக்கு வந்தான்.

"மச்சான், எங்க போனீங்க?"

"போன் வந்துச்சு."

"வாயத் தொறங்க."

"ஹரீஷ்," என்றாள் பிரமிளா.

"இரு, அக்கா. ஊதுங்க மச்சான். நல்லா ஊதுங்க."

தயாளன் ஊதினான். ஹரீஷ் கண்ணை மூடி மோந்தான். மறுபடி ஊதச் சொன்னான். ஜெகதீஸ்வரியும் வந்து மோந்தாள். பிறகு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒண்ணும் இல்ல," என்றான் ஹரீஷ். குரல் மாறியிருந்தது. "காலையில குடிச்ச காப்பி வாடைதான்."

அவன் உள்ளே போய் அப்பாவின் படத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். ஒரு மாமா மயங்கப் பார்த்தார். யாரோ விசிறினார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் மக்கைப் பார்க்க வந்தார்கள்.

பிரமிளா பையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவனிடம் எதுவும் சொல்லவில்லை. பையை அவன் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

"அம்மாகிட்டத் தலையக் காட்டிட்டு வாங்க," என்றாள். "பேச மாட்டாங்க. இருந்தாலும் காட்டுங்க."

குணவதி குசினி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஈரத் தலை. வெள்ளைச் சேலை. கன்னத்தில் வெற்றிலை அடக்கியிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. கூடத்து அமளி எதுவும் அவரைத் தொட்டதாகத் தெரியவில்லை.

துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. தயாளன் தலையை மட்டும் குனிந்தான். திரும்பப் போனவனின் மணிக்கட்டை அவர் பிடித்தார். பிடி உறுதியாக இருந்தது. அவனைத் தன் வாயருகே இழுத்து, இத்தனை நாளில் முதல் முறையாகப் பேசினார்.

"எட்டாம் நாள் வாங்கினது வாசனையே சரியில்ல மாப்ளே, உங்க மாமா குடிக்காத மனுசன்னாலும், எனக்கு வாங்கிட்டு வரும்போது இந்த மாதிரி பார்த்துத்தான் வாங்கிட்டு வருவாரு."